ஒன்பதாம் கேள்வி

செம்பாக்கம்
3 ஆகஸ்ட் 2025

நமஸ்காரம்.

இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீங்களும் நிகிலும் மருமகள் சுப்ரஜாவும் நலம்தானே? செம்பாக்கத்திலிருந்து நாவலூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதற்குக் கடிதமா என்று நம் பிள்ளை சிரிக்கிறான். சிரிக்கட்டும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. காகிதத்தில் நாம் இரண்டு பேரும் கொஞ்சம் நல்லவர்களாக இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்தைச் சரிசெய்யப் போகிறேன். போன மழைக்குக் கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. எல்லாம் அந்தச் சிமெண்ட் தளத்தின் வேலை. நீங்கள் ஆசைப்பட்டுப் போட்டது என்று நான் சொல்லப் போவதில்லை, சொல்லிவிட்டேன். அதைப் பெயர்த்து, மண் நிரப்பி, தண்ணீர் இறங்க வழி செய்து, செடி வைக்க வேண்டும். மாமரத்தில் பாதி அறுத்துவிட்ட கிளை மூன்று வருஷமாக அப்படியே தொங்குகிறது. இந்த மழைக்காலத்தைத் தாங்காது. விழுந்தால் பக்கத்து வீட்டு ராஜாராமன் சாரின் சன்ஷேடோடு சேர்ந்துதான் விழும்.

இந்தத் தடவை தெருவோடு போகிறவரைக் கூப்பிட்டு மரத்தில் ஏற்றுவதாக இல்லை. முறைப்படி உரிமம் வாங்கி, தன் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்து வைத்திருக்கிற கான்டிராக்டர்தான் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் க்ளெய்ம் பார்த்தவரை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போய்க் கேட்பேன்? என்னென்ன காகிதம் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள் நீலப் போர்வையைத் துவைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். அங்கே ஏசி போட்டுக்கொண்டு தூங்குவதாகக் கேள்விப்பட்டேன்.

அன்புடன்
வேதா

&nbsp;

நாவலூர்
8 ஆகஸ்ட் 2025

வேதாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பதினோராவது மாடியில் காற்றுக்குக் குறைவில்லை. செடி என்று பார்த்தால் சுப்ரஜாவின் பால்கனியில் ஒரு ஓமவல்லித் தொட்டி. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் உத்தியோகம். காபி பரவாயில்லை. டிகாக்‌ஷன் உன் கைப்பக்குவத்தில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். நிறுவனப் பதிவும் தொழிலாளர் உரிமமும் நடப்பில் இருக்கிறதா என்று தேதியைப் பார். பாலிசியின் முதல் பக்கத்தைப் பார்த்து ஏமாறாதே, கடைசிப் பக்கம்தான் முக்கியம். எத்தனை பேருக்கு, எந்த வேலைக்கு என்று அங்கேதான் எழுதியிருக்கும். ‘தோட்டப் பராமரிப்பு’ என்று மட்டும் இருந்தால் மரம் ஏறுகிறவருக்கு அது செல்லாது. உயரத்தில் செய்யும் வேலை என்று தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆள் பெயர்ப் பட்டியலும் கேள். வருகிறவர்களும் பட்டியலில் இருக்கிறவர்களும் ஒரே ஆட்கள்தானா என்று நின்று பார். சாதாரணமாக யாரும் இவ்வளவும் வைத்திருக்க மாட்டார்கள். நீ கேட்டவுடன் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

சிமெண்டைப் பெயர்ப்பது உன் இஷ்டம். அந்தக் கிளையை மட்டும் இப்போதைக்குத் தொடாமல் விட்டால் நல்லது.

பட்டாபிராமன்

&nbsp;

செம்பாக்கம்
17 ஆகஸ்ட் 2025

நமஸ்காரம்.

நீங்கள் சொன்னபடியே ஆயிற்று. முதலில் பேசிய இரண்டு பேர் ‘இன்சூரன்ஸ்’ என்று சொன்னதுமே சிக்னல் இல்லை என்று சொல்லிக் காணாமல் போனார்கள். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெயர் அனுப்பிரியா. முப்பத்திரண்டு வயசு இருக்கும். தோட்டக்கலை படித்தவள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், தலையில் ஹெல்மெட், தோளில் ஒரு கோணிப்பை. பையில் லேப்டாப் இருக்கும் என்று நினைத்தேன், மண்வெட்டி இருந்தது. வந்தவுடன் வாளியில் தண்ணீர் கேட்டாள். குடிக்கவோ கால் கழுவவோ இல்லை. கொல்லை மூலையில் சிமெண்ட் உடைந்த இடத்தில் ஒரு சாண் குழி வெட்டி, தண்ணீரை ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிட்டாள். இருபத்தைந்து நிமிஷம். நான் நீட்டிய மோரைக்கூடக் கண்ணை எடுக்காமல்தான் வாங்கிக்கொண்டாள். பிறகு எழுந்து, “ஆன்ட்டி, உங்க மண்ணு தண்ணிய நல்லாவே குடிக்குது. நாமதான் அதோட வாய மூடி வெச்சிருக்கோம்” என்றாள். முப்பது வருஷம் வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். தெரியாததை ஊகிக்காமல் அளந்து பார்க்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பிடித்துப் போகும்.

நான் கேட்பதற்கு முன்பே காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். நகல்கள் இத்துடன். கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், ‘உயரத்தில் செய்யும் வேலை’ இருக்கிறது. பதினோரு பேர் பெயரும் இருக்கிறது.

அவளிடம் ஒரு வழக்கம். வேலை தொடங்கும் முன் வீட்டு உரிமையாளர் ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு கேள்விகள். கரண்டு ஒயர் எங்கே போகிறது, செப்டிக் டேங்க் எங்கே, மூடிய கிணறு உண்டா, இப்படி. ஒரு வீட்டில் பழைய கிணற்றை மூடி மேலே புல் வளர்த்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டதில் அவள் ஆள் ஒருவர் இடுப்பு வரை உள்ளே போய்விட்டாராம். அன்றிலிருந்து தாள் எழுதாத வீட்டில் மண்வெட்டி இறங்காது.

வீட்டுப் பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதால் தாளை உங்களுக்கு அனுப்புகிறேன். எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

அன்புடன்
வேதா

&nbsp;

நாவலூர்
23 ஆகஸ்ட் 2025

வேதாவுக்கு ஆசீர்வாதம்.

காகிதங்களை இரண்டு தடவை படித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், கிடைக்கவில்லை. உரிமம் அடுத்த மார்ச் வரை. பாலிசியில் மூன்றாம் நபருக்கான பொறுப்பும் சேர்த்திருக்கிறாள், ராஜாராமன் வீட்டு ஓடு உடைந்தால்கூட அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாள். அதைச் சட்டம் கேட்கவில்லை, அவளாகச் செய்திருக்கிறாள். என் காலத்தில் பெரிய ஆலைகளிலிருந்து வந்த கோப்புகள்கூட இப்படி இருந்ததில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் பாராட்டினார் என்று சொல்.

தாளை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். செப்டிக் டேங்க் கிழக்குச் சுவரிலிருந்து ஆறடி, படம் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் சரியாக இருக்கும்.

சுப்ரஜா உனக்கு முருங்கைக்கீரைப் பொடி அனுப்புகிறாள்.

பட்டாபிராமன்

&nbsp;

செம்பாக்கம்
27 ஆகஸ்ட் 2025

நமஸ்காரம்.

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். ஒன்பதாவது கேள்வியைச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். வாத்தியார் புத்தி, மன்னிக்கவும்.

‘இந்த இடத்தில் இதற்கு முன் யாருக்காவது விபத்து நடந்திருக்கிறதா? எப்போது, எப்படி?’

‘இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அழகான கையெழுத்து.

நாம் இதைப் பேசியதே இல்லை. டிகாக்‌ஷனுக்கும் மின்விசிறி வேகத்துக்கும் சண்டை போட்டோம், இதைத் தொடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன். ஜெயவேலு நம் மாமரத்திலிருந்து விழுந்தார். சைக்கிளில் அரிவாளும் ரம்பமுமாகத் தெருவோடு போனவரை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவர் சிமெண்டில் கிடந்தார், இடது கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கே விழுந்தார் என்று கேட்டார். நீங்கள் ‘ரோட்டில், வழுக்கிவிட்டது, நான் பார்த்துத் தூக்கி வந்தேன்’ என்றீர்கள். வராந்தாவில் ஜெயவேலுவிடம் குனிந்து, யார் கேட்டாலும் அப்படியே சொல்லப்பா, வீட்டிலும் அப்படியே சொல்லு, போலீஸ் கேஸ் ஆனால் இரண்டு பேருக்கும் தொல்லை, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் தலையாட்டினார். ஊரார் எழுதித் தரும் பொய்யை முப்பத்து நான்கு வருஷம் கண்டுபிடித்துக் கொண்டிருந்தவர் நீங்கள்.

செலவைப் பார்த்துக்கொண்டீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு நிகில் கூப்பிட்டான் என்று பதினைந்து நாளைக்குப் போனீர்கள். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உங்களை மட்டும் சொல்ல எனக்கு வாயில்லை. டாக்டர் கேட்டபோது நானும் உங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். உண்மையே பேசு என்று வகுப்பில் ஓயாமல் பாடம் சொன்னவள், அன்று வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தைத்தான் உங்கள் மேல் எரிச்சலாகக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை அனுப்பிரியா பீரோவில் பூட்டி வைப்பதில்லை. அவளுடைய மேஸ்திரி சிட்டிபாபு தினமும் காலை ஏழே முக்காலுக்கு வாசலில் ஆட்களை நிறுத்தி, பன்னிரண்டு பதில்களையும் உரக்கப் படிப்பாராம். அப்புறம்தான் உள்ளே வருவார்கள். நீங்கள் என்ன எழுதினாலும் தெருவே கேட்கும். ராஜாராமன் சார் அந்த நேரத்தில் பேப்பரோடு வாசலில்தான் இருப்பார். உங்கள் கதையை இத்தனை நாள் நம்பிக்கொண்டிருப்பவர்.

யோசித்து எழுதுங்கள். திரும்பவும் ‘இல்லை’ என்று வந்தால் நான் வேலையை நிறுத்திவிடுவேன். அந்த மரத்தில் இன்னொருவரை ஒரு பொய்யின் மேல் ஏற்ற மாட்டேன்.

வேதா

&nbsp;

நாவலூர்
10 செப்டம்பர் 2025

வேதா,

பதினான்கு நாள் ஆகிவிட்டது. நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்புகிறேன். ஒன்பதாவது கேள்விக்கு இடம் போதாமல் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாத ஒரு விஷயமும் அதில் இருக்கிறது.

‘ஆம். 21 மே 2022, சனிக்கிழமை, காலை சுமார் பத்தரை மணி. விபத்துக்கு உள்ளானவர் ஜெயவேலு, வயது 46, மரம் வெட்டுபவர், அனகாபுத்தூர். இடம்: இந்த வீட்டு மாமரம், மேற்குப் பக்கக் கிளை, சுமார் பதினான்கு அடி உயரம். கீழே சிமெண்ட் தளம். கிளை பாதி அறுபட்ட நிலையில் முறுக்கிக்கொண்டு அவரைத் தள்ளியது. இடது தொடை எலும்பு முறிவு. அவரிடம் கயிறு இருந்தது. இடுப்பிலும் கிளையிலும் கட்டிக்கொள்ள அரை மணி நேரம் கேட்டார். எனக்கு வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. சின்னக் கிளைதானே என்று அவசரப்படுத்தினேன். சாலையில் விழுந்தார் என்று மருத்துவமனையில் சொன்னது பொய். சொன்னவன் நான்.’

கீழே கையெழுத்து இருக்கிறது. சிட்டிபாபு நிறுத்திப் படிக்கட்டும்.

பட்டாபிராமன்

&nbsp;

செம்பாக்கம்
18 செப்டம்பர் 2025

நமஸ்காரம்.

பின்பக்கத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். கயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. அன்றே தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. இன்று ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. எழுதிவிட்டீர்களே, அது பெரிய காரியம். என்னை உங்களுக்குக் கல்யாணம் செய்து கொடுத்ததற்கு முதல் காரணம் உங்கள் நேர்மை என்று என் அப்பா சொல்வார். அந்த மனிதரின் கையெழுத்தை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. சிட்டிபாபு வாசலில் நின்று எட்டுக் கேள்விகளைக் கடகடவென்று படித்தார். ஒன்பதாவதில் வேகம் குறைந்தது. ஆட்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ராஜாராமன் சார் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் வாசல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் யாராவது நம்மை ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். சிட்டிபாபு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ஆளு இப்போ எப்டி கீறாரும்மா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றேன். சரிம்மா என்று உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் படித்தார், மறுபடியும் கேட்டார். புதன்கிழமையும் கேட்டார். குத்திக் காட்டுவதற்காக இல்லை. மரத்தில் ஏறுகிற மனிதர், மரத்திலிருந்து விழுந்த மனிதரைப் பற்றி விசாரிக்கிறார். மூன்று வருஷத்தில் நாம் ஒரு நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கிளையை நேற்று இறக்கிவிட்டார்கள். அந்த வேலையைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று இருந்தது. ஏறுகிறவரின் பெயர் உதயா. கயிறு கட்டவே முக்கால் மணி நேரம். கிளைக்கு இரண்டு கயிறு, அவருக்கு ஒன்று, அதற்கு மாற்றாக இன்னொன்று. கீழே நான்கு பேர். அனுப்பிரியா என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, வேலிக்கயிற்றுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். என் வீட்டில் எனக்கே அனுமதி இல்லை. அறுபட்ட கிளை தொட்டிலை இறக்குவதுபோல மெதுவாக வந்து தரையில் படுத்தது. ஒரு இலைகூட ராஜாராமன் சார் பக்கம் விழவில்லை. வெட்டிய இடத்தைச் சீவிச் சமமாக்கி, மரம் தானே மூடிக்கொள்ளும் ஆன்ட்டி, நாம மருந்துன்னு எதையும் பூசக் கூடாது என்றாள். மத்தியானம் ராஜாராமன் சார் தூக்கு நிறையக் காபியோடு வந்தார். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு மட்டும் எப்போதும்போலச் சர்க்கரை கம்மியாகத் தனி டம்ளரில் கொண்டுவந்திருந்தார்.

சிமெண்ட் பாதி பெயர்ந்துவிட்டது. ராத்திரி பெய்த மழைக்குக் காலையில் அடையாளமே இல்லை.

நாளைக்கும் சிட்டிபாபு கேட்பார். நான் என்ன சொல்ல?

வேதா

&nbsp;

நாவலூர்
21 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள வேதா,

தபாலை நம்பாமல் இதை நிகிலிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்று சாயங்காலம் உன் கையில் இருக்கும்.

நேற்று அனகாபுத்தூர் போனேன். முகவரி என்னிடம் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தனிக் கோப்பில் போட்டு, மேலே பெயர் எழுதாமல் மூன்று வருஷம் வைத்திருந்தேன். ஆற்றோரம் சின்னச் சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். சந்து முனையில் சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார் ஜெயவேலு. பக்கத்தில் ஊன்றுகோல். இடது கால் வலதைவிடக் கட்டை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அவர் மனைவி தாயாரம்மாள் கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று கேட்டாள். ஜெயவேலு முந்திக்கொண்டு, அன்னிக்கு ரோட்டுல கெடந்தப்ப தூக்கினு போன சார் என்றார். அவள் உடனே கையெடுத்துக் கும்பிட்டாள், வேதா. கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

“நீ நல்லா இருக்கணும் சார். குட்சிட்டு ரோட்ல வுயுந்து கால ஒட்சிகினு வந்த ஆள யாரு தூக்குவா?”

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. வெயில் ஏறிய வேளையில் ஒரு மரமேறி ரோட்டில் வழுக்கி விழுந்தால் வேறு என்ன காரணம் இருக்கும்? அவள் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். தெருவும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. அவளுடைய அண்ணன் அதற்காகவே இவரோடு பேச்சை நிறுத்திவிட்டானாம். மூன்று வருஷமாக அவள் தினமும் ஏசியிருக்கிறாள், இவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஜெயவேலுவைப் பார்த்தேன். அவர் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையசைத்தார்.

நான் சொன்னேன். “அவர் ரோட்டில் விழவில்லை அம்மா. எங்கள் வீட்டு மரத்திலிருந்து விழுந்தார். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. கயிறு கட்ட நேரம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. ரோட்டில் என்று பொய் சொல்லச் சொன்னதும் நான்தான்.”

அவள் என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த கீரைக்கட்டால் புருஷன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு அழுதாள்.

“மூணு வருசம்யா. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?”

“சாருக்கு வாக்கு குட்த்துட்டேனே” என்றார் அவர்.

வேதா, நான் என் வாழ்நாளில் எத்தனையோ கோப்புகளில் ‘நம்பகமானவர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு உரிய மனிதரை நேற்றுத்தான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சாக்குக்கு முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுதேன். சந்தில் போனவர்கள் பார்த்தார்கள்.

நான் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைப் பற்றிப் பேச வாய் திறந்தேன். தாயாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதெல்லாம் அப்பால, மொதல்ல எங்கண்ணன் வூட்டாண்ட வந்து இத்தச் சொல்லு என்றாள். கூடப் போனேன். சொன்னேன். அங்கிருந்து அவள் நாத்தனார் வீடு. அதன் பிறகு எதிர்வீடு. மூன்று வாசலில் நின்று, ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். எந்த வீட்டிலும் என்னை உட்காரச் சொல்லவில்லை. சொல்லாததுதான் சரி. ஆனால் திரும்பி வந்தபோது அந்த அண்ணன் ஜெயவேலு பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது ஜெயவேலு கூப்பிட்டார். அந்தக் கிளை இன்னா ஆச்சு சார் என்றார். வெட்டி இறக்கியாயிற்று என்றேன்.

“கயிறு கட்டித்தானே?”

“ஆமாம். நான்கு கயிறு கட்டி.”

அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

சிட்டிபாபுவுக்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தக் கேள்விக்கு நானே வந்து பதில் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, ஆட்களோடு நம் வாசலில் நிற்பேன். அதற்குப் பிறகு உள்ளே வரச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

உன்
பட்டாபி